மாதையன் சரியாகத்தான் படித்தான்

மகனே,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. போன வாரம்தான் ஃபோனில் பேசினோம். நீ நலம், மருமகள் நலம், உன் புத்தகத்தின் இரண்டாம் பாகம் தை மாதத்துக்குள் அச்சுக்குப் போகிறது, அதில் மாதங்கோவைப் பதினோரு குலத்தார் கூடிய சபையில் நிறுத்தி அவன் நாக்கை அறுக்கப் போகிறாய். எல்லாம் நீயே சொன்னாய். "ஜனங்க கைதட்டுவாங்க நைனா" என்றும் சொன்னாய். நான் "சரிப்பா" என்று ஃபோனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மூன்று நாள் எனக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. அந்த நாக்கை அறுக்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நீ நாலாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து நம் வீட்டில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பொய்யை நான் என் கையாலேயே இடிக்க வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் செல்வி. நம் வரிசை வீடுகளில் மூன்றாவதில் குடியிருக்கும் தென்காசிப் பக்கத்துப் பெண். கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு; அவளுடைய பஸ் மதியம் ஒன்றரைக்கு வரும். அதுவரை என்னோடு உட்காருகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்குவது அவள் பாடு. விஷயத்தில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். சரியாகப் படிக்கிறவர்களை நம்ப வேண்டும் என்று இந்த வயதில்தான் எனக்குப் புத்தி வந்திருக்கிறது.

போன ஆடியில் நீ அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். வைத்துவிட்டு, "நைனா, உள்ள இருக்கறது உனக்குப் புரியாது, கொஞ்சம் சிக்கலான உலகம். முதல் பக்கத்துல உன் பேரு போட்டிருக்கேன். சாமி படத்துகிட்ட வெச்சுக்க" என்றாய். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாய். சாயங்காலமே பெங்களூர் போய்விட்டாய். 'உனக்குப் புரியாது' என்ற அந்தச் சொல் நம் வீட்டை ஒருமுறை பிளந்த சொல். அது உனக்குத் தெரியாது, தெரியாமல்தான் சொன்னாய். ஆனால் மறுநாள் காலையில் நான் செல்வியைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம்.

அவள் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "ஏயப்பா, செங்கல்லு கணக்கா கனக்கு தாத்தா. எண்ணூத்திச் சொச்சம் பக்கம். தீவாளிக்குள்ள முடிச்சிருவமா?" என்றாள்.

"எந்தத் தீவாளின்னு சொல்லாத வரைக்கும் முடிச்சுடலாம். முதல்லேர்ந்து படி."

நல்லா எழுதியிருக்கிறாய். அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும். இரண்டு நிலாவை வானத்தில் வைத்து, இரண்டுக்கும் வேறு வேறு மாதக் கணக்கு வைத்து, பதினோரு குலத்துக்கும் தனித்தனிச் சத்தியம், தனித்தனிச் சாவுச் சடங்கு வைத்து, யானைகளுக்கென்று ஒரு ராஜ்ஜியமே கொடுத்திருக்கிறாய். கதிர் முற்றும் மாதத்தில் யானையின் பெயரைச் சொல்லக் கூடாது, 'பெரியவங்க' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு குலத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறாயே, அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு போட்டவர்கள் எல்லாரும் அந்தக் குலம்தான். இருநூறு பக்கம் தாண்டியதும் செல்விக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

"தாத்தா, இந்த வேங்கோவும் முன்ன வந்த வேங்கோவும் ஒரே ஆளா?"

"இல்லம்மா. அவன் தாத்தன், இவன் பேரன். வடக்குக் குலத்துல பேரனுக்குத் தாத்தன் பேரைத்தான் வெப்பாங்கன்னு உப்புக் கிணத்துக் கதையில வந்துச்சே."

"அது எப்ப வந்துச்சு?"

"நீ கம்பெனிக்கு லீவு போட்டிருந்த அன்னிக்கு. பாதியில மூணு தும்மல் போட்ட."

"எம்மா! நீங்க ஆளா, கம்பெனி கம்ப்யூட்டரா?" என்றாள்.

எழுத்துத் தெரிந்தவர்களுக்கு இது அதிசயமாகத்தான் இருக்கும். அவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடலாம். எனக்கு வைத்துக்கொள்ள வேறு இடம் கிடையாது. கேட் வாட்ச்மேனாக இருந்த பதினாலு வருஷமும் உள்ளே போன லாரி, வெளியே போன லாரி எல்லாவற்றின் நம்பரையும் மனதில் போட்டுக்கொண்டு, ஷிப்டு முடிந்ததும் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். கூட இருந்தவர் நோட்டில் எழுதிக்கொள்வார். எண் தெரியும் எனக்கு. எழுத்துதான் தெரியாது. அதனால் இதையும் கேட்டுக்கொள்: முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சாபத்தால் வற்றிப்போன ஆற்றை, ஐந்நூற்று நாற்பதில் ஒரு படை முழுக்கத் தோணி கட்டிக் கடக்கிறது. நடுவில் சாபம் நீங்கவே இல்லை. அடுத்த அச்சில் திருத்து. எண்ணூறு பக்கத்தில் இந்த ஒரு பிழைதான் பொறுக்கக்கூடியது.

மற்ற பிழை படத்தில் ஆரம்பித்தது. முன்பக்கத்தில் இரண்டு தாளுக்கு உன் உலகத்தை வரைந்து போட்டிருக்கிறாய். செல்வி அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள். "இது சும்மா படம் தாத்தா, கதை அடுத்த பக்கத்துலதான்." கொடு பார்ப்போம் என்று வாங்கினேன். எழுத்து இல்லாத பக்கம் அதுதானே, அதையாவது நானாகப் படிக்கலாமே என்று. தலைகீழாகப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. கடல் என்று நீ போட்டிருந்தது மாட்டுக் காது மாதிரி இருந்தது. மாட்டுக் காது மாதிரி இருந்தது நம் ஏரி ஒன்றுதான். விரலை வைத்துப் போனேன். ஏரிக்குக் கீழே பன்றிப் பாறை இருக்க வேண்டும். இருந்தது, நீ அதை எரிமலை ஆக்கியிருந்தாய். பாறைக்கு இந்தப் பக்கம் நம் நிலத்தில் மேற்குக் கொல்லை, அந்தப் பக்கம் கிழக்குக் கொல்லை, நடுவில் வண்டித் தடம். ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் சுற்றி வந்துவிடக்கூடிய இடத்தைக் குதிரையில் நாற்பது நாள் போகும் உலகமாக ஆக்கிவிட்டாய். அதன் மேல் இப்போது கம்பெனி நிற்கிறது. நான் வாட்ச்மேனாக நின்ற கேட், நம் மேற்குக் கொல்லையின் வாய்க்கால் மடை இருந்த இடம். எனக்கு அன்று பெருமையாக இருந்தது, மகனே. என் பிள்ளை நிலத்தை மறக்கவில்லை என்று நினைத்தேன். மேலே படி, மேலே படி என்று அந்தப் பெண்ணை விரட்டினேன்.

ஐந்நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் அந்தச் சபை வந்தது. எழுத்தறியாத தலைவன் வேங்கோ. ஓலை வாசிக்கத் தெரிந்த தம்பி மாதங்கோ. இடது புருவம் பிளந்து இமை பாதி தொங்கும் மாதங்கோ. மண் கேட்டு வந்த இரும்பூரார் கொண்டுவந்த ஓலையை அவன் மாற்றி வாசிக்கிறான். பாதி மண்ணுக்குத்தான் உடன்படிக்கை என்கிறான். தலைவன் நம்பிக் கைநாட்டு வைக்கிறான். மண் முழுவதும் போகிறது. தம்பி இரும்பூராரிடம் தனியாகப் பொன் வாங்கியிருக்கிறான். வேங்கோ மண்ணில் விழுந்து அழுவதை ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். படித்துக்கொண்டிருந்த செல்வி புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "பாவம் தாத்தா அந்த மனுசன். எழுத்து தெரியாதவர இப்படியா ஏமாத்துவான்? வெளங்குவானா படுபாவி?" என்று கண்ணைத் துடைத்தாள். நான் அவளை அன்று சீக்கிரமே போகச் சொல்லிவிட்டேன். அவள் சாபம் போய்ச் சேர வேண்டிய ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

உன் சித்தப்பன் மாதையன் அந்தப் பத்திரத்தைச் சரியாகத்தான் படித்தான். இதுதான் அந்தப் பொய். இனி எதையும் சுற்றி வளைக்க மாட்டேன்.

ஓசூரில் புரோக்கர் ஆபீசு. மேலே ஃபேன் ஓடியது. எனக்கு நாற்காலி போட்டார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அதுவரை எந்த ஆபீசிலும் நான் உட்கார்ந்ததில்லை. தாலுகா ஆபீசில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற கால்தான் எனக்கு. எட்டுப் பேர் இருந்தார்கள். மாதையன் எப்படியோ விஷயம் கேள்விப்பட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். நம் நிலம் முழுவதற்கும் பட்டா என் பேரில். அவன் பாகம் கிழக்குக் கொல்லை, என் பாகம் மேற்கு என்று நாங்கள் வாயால் பிரித்துக்கொண்டதுதான்; தாளில் கிடையாது. அவன் பத்திரத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தான். பிறகு சொன்னான்.

"அண்ணா, இது பவர் பத்திரம். உன் பேர்ல பட்டா இருக்கற அத்தனையும் இதுல வருது. என் கிழக்குக் கொல்லையும் வருது, கிணறும் வருது. நாம வாயால பிரிச்சுக்கிட்டது இதுல எங்கியும் இல்ல. நீ விரல் வெச்சா எனக்கு நிக்க எடமில்ல."

"இன்னொரு வாட்டி படி" என்றேன். படித்தான். சர்வே நம்பர்கூட எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வேண்டுமானால் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள். அப்புறம் புரோக்கரே ஒருமுறை படித்துக் காட்டினான். மூன்றும் ஒரே சொல். யாரும் எதையும் மாற்றவில்லை. எனக்குப் பத்திரம் பளிச்சென்று புரிந்திருந்தது. மேற்கை மட்டும் எழுதுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மாதையன் என் தோளைத் தொட்டு, "உனக்குப் புரியாதுண்ணா. எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்றான்.

மூலையில் இருந்த ஒருவர் கன்னடத்தில், தம்பி அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறான் என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்குக் கன்னடம் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. சந்தையில் மாடு வாங்கி விற்றவனுக்கு மூன்று பாஷையும் தெரியும். மாதையனும் என் பிள்ளை மாதிரிதான். நான் மாடு மேய்த்ததால் அவன் பத்தாவது வரை படித்தான். அந்தப் படிப்பை வைத்து எட்டுப் பேர் முன்னால் என்னை நாற்காலியிலிருந்து எழுப்புகிறான் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. மையை இழுத்து விரலை வைத்தேன். புரிந்துதான் வைத்தேன். அவன் பார்க்க வைத்தேன். உன் படிப்புக்காக விற்றேன் என்று ஊரில் சொன்னதும், உனக்குச் சொன்னதும் பின்னால் கட்டியது. அன்று அந்த ஆபீசில் உன் ஞாபகமே எனக்கு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாசலிலேயே மறித்தாள். "கெணறும் போச்சாமே? இன்னா பண்ணிட்டு வந்த மனுசா?" அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது, எழுத்தறியாதவன் கையில் எப்போதும் இருக்கிற பதில். "எனக்கு என்ன தெரியும்? மாதையன்தான் படிச்சான். மேக்குக் கொல்லை மட்டுந்தான்னு படிச்சான்" என்றேன். அதோடு நின்றிருந்தால்கூட, அவன் பாகமும்தானே போயிருக்கிறது, அவன் ஏன் மாற்றிப் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவள் கேட்டாள். "தனியா வாங்கிட்டிருப்பான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? யோசிக்கவே இல்லை. மூன்றாம் நாள் ஊரே அதைச் சொன்னது. படித்தவன் படிக்காதவனை ஏமாற்றினான் என்று சொன்னால் நம் ஜனம் சாட்சி கேட்காது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஏமாந்தவன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் பட்டதெல்லாம் என் பொய்க்குச் சாட்சியாக வந்து நின்றது. பால் சொசைட்டியில் அவன் எழுதிக்கொண்டிருந்த நோட்டை வாங்கிக்கொண்டார்கள். அவன் பங்குப் பணத்தை ஆள் மூலம் அனுப்பினேன். தொடாமல் திருப்பி அனுப்பினான். பார்த்தாயா, ஏற்கெனவே வாங்கிவிட்டான், அதனால்தான் இது வேண்டாம் என்கிறான் என்றது ஊர். நான் வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு அஞ்செட்டிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போனான். பஸ்சே ஒழுங்காகப் போகாத ஊர். மாடு வைத்துப் பிழைத்தான்.

அதோடு விட்டேனா? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் மகளைப் பெண் பார்க்க கெலமங்கலத்திலிருந்து போயிருக்கிறார்கள். பையனின் தகப்பன் நல்ல மனுசன். ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு, சந்தையில் என்னையே தேடி வந்து தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "கூடப் பொறந்தவன் நீ. உன் வாயால சொல்லு. உன் தம்பி எப்படி? சொல்றதெல்லாம் நெசமா?" ஒரு 'இல்லை' போதும். சந்தையில் அத்தனை சத்தம், அவரைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. நான் தரையைப் பார்த்தேன். "பழசை எதுக்குக் கிளறறது விடுங்க" என்றேன். பெரிய மனுசத்தனமாக. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மனசு யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண்ணை அப்புறம் இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்க முடிந்தது. உன் புத்தகத்தில் மாதங்கோ செய்யும் துரோகம் எல்லாம் ராத்திரியில், முகமூடியில், விஷக் குப்பியில் நடக்கிறது. எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பட்டப்பகல், சந்தை, ஒரு பெருமூச்சு.

உன் அம்மா அதை நம்பியே போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்ன நாலைந்து பேச்சில் ஒன்று, "மாதையன் வந்தா உள்ள விடாதே" என்பது. அவன் வந்தான். சாவு சேதி கேட்டு அஞ்செட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து தெருமுனையில் நின்றான். நீ அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். நீதான் எழுந்து போய் அவனிடம் கேட்டாய்: "இன்னும் படிக்கறதுக்கு எதனா பாக்கி இருக்கா சித்தப்பா?" சுற்றி நின்றவர்கள் உன்னைப் பார்த்து, தகப்பனுக்கேற்ற பிள்ளை என்றார்கள். அவன் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்தீர்கள். நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. உன்னைவிட ஆயிரம் மடங்கு கோபத்துக்கு உரியவன் நான்தான், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு யானைக் கூட்டம் எந்த மாதம் எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்று எழுத, தேன்கனிக்கோட்டைக்கு ஆறு நடை போய் வந்ததாகச் சொன்னாய். வனத்துறை ஆளிடம் கேட்டாயாம், மலையில் இருப்பவர்களிடம் கேட்டாயாம். அங்கிருந்து அஞ்செட்டிக்கு இன்னும் ஒரு பஸ். சித்தப்பனிடம் போய், அன்றைக்கு என்னதான் நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. பதினோரு குலத்துக்கும் தனித்தனிச் சட்டம் எழுதத் தெரிந்தவன், நம் குலத்தில் இருந்த இரண்டே பேரில் ஒருவனை மட்டும் கேட்டாய். தான் ஏமாந்ததாக ஒருவன் கதை சொன்னால், அதை எழுதுவதற்கு முன்னால் எதிராளியைக் கேள். அழுகிறவனை முதலில் கேட்காதே; அழுகை எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிக்காததால் ஏமாந்தேன், நீயாவது படி என்று சொல்லிச் சொல்லித்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினேன். உன் படிப்பு, உன் வேலை, இந்தப் புத்தகம் எல்லாம் அந்தப் பொய்யில் முளைத்தது. அதற்காக அதைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. எதில் முளைத்தது என்று தெரிந்துகொண்டு வைத்திரு.

புத்தகம் முடிந்த மறுநாள் அஞ்செட்டிக்குப் போனேன். நீ ஃபோனில் அந்த நாக்கு விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே போய் வந்துவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, காட்டு வழியில் போகும்போது யானைகள் சாலையைக் கடந்தன. பஸ் அரை மணி நேரம் நின்றது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைக்க எனக்கு அந்த அரை மணி தாராளமாகப் போதும். ஆனால் எதிரில் திரும்பிப் போகிற பஸ் எதுவும் வரவில்லை. அதனால்தான் போனேன் என்றும் எழுதிக்கொள்.

மாதையன் கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. பசு முட்டிப் பிளந்த அந்த இடது புருவம் அப்படியே தொங்குகிறது. என்னைப் பார்த்தான், கூடையைக் கீழே வைக்கவில்லை. அவன் மனைவிதான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்றவன், மாடத்தைப் பார்த்தேன். காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு கனமான புத்தகம். செங்கல் மாதிரி. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு தடவை படிச்சுட்டேன்" என்றான் அவனாகவே. "பையன் கெட்டிக்காரன். தமிழு நல்லா வருது. நம்ம ஏரியைக் கடலாக்கிட்டான் பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ எப்படிப் பாத்த?"

"படம் பாத்தேன். மீதியைக் குடியிருக்கற பொண்ணு படிச்சுக் காட்டுச்சு."

"சரியாப் படிச்சாளா?" என்று கேட்டான். பல்லைக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை உனக்கு எழுத வராது. "கிணத்தை மட்டும் தப்பா வெச்சுட்டான். எரிமலைக்கு அந்தாண்ட வரணும். பென்சில்ல திருத்தி வெச்சிருக்கேன். புருவத்தைக்கூட விடலியே பாவி. இங்க ஸ்கூல் வாத்தியாரு இந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு என்னை ஒரு மாதிரியாப் பாக்கறாரு. இந்த ஊருக்காச்சும் அந்தக் கதை வராம இருந்துச்சு. இப்ப அச்சுல வந்துடுச்சு. அடுத்த பாகத்துல என்னைத் தூக்குல போடுவானா, ஆனைக்குப் போடுவானா?"

நான் சொம்பைக் கீழே வைத்தேன். "நான் பண்ணது தப்பு மாதையா. நீ சரியாத்தான் படிச்ச. எனக்குப் புரிஞ்சுதான் விரல் வெச்சேன்" என்றேன். இத்தனை வருஷமாக அதைச் சொல்ல எவ்வளவு பயந்தேனோ, அவ்வளவு சின்னதாக இருந்தது அது வெளியே வந்தபோது.

அவன் கூடையை இறக்கி வைத்தான். "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியாதா? படிச்சவன் நான்தானே. தெரியாதவங்க கிட்டப் போய்ச் சொல்லு. கெலமங்கலத்தாருகிட்டச் சொல்லு, அவரு செத்துட்டாரு. உன் பெண்டாட்டிகிட்டச் சொல்லு. என் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லு, அவ இன்னும் இருக்கா." கையில் ஒட்டியிருந்த சாணியை வழித்துப் போட்டுவிட்டு, "இத்தன வருசத்துல ஒரு நாளு நீ வருவேன்னு நினைச்சிருக்கேன். கிழவனாகி வருவேன்னு நினைக்கல. கிழவன்கிட்ட என்னத்தைச் சண்டை போடறது?" என்றான்.

அதனால்தான் இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. உன் இரண்டாம் பாகத்தின் முதல் தாளில், என் பேருக்கு நீ சமர்ப்பணம் போடுகிற இடத்தில், இதை முழுவதும் அச்சடி. உன் புத்தகத்தை வாங்கியவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். கதை வேறு வாழ்க்கை வேறு, வாசகர்கள் குழம்பிவிடுவார்கள், பதிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றெல்லாம் நீ சொல்வாய். இரண்டு நிலாவையும் பதினோரு குலத்தையும் தாங்கினவர்கள் ஒரு கிழவனையும் தாங்குவார்கள். எனக்கு மானம் போகுமே என்று மட்டும் கவலைப்படாதே. அது போக வேண்டிய இடத்துக்கு மிகவும் தாமதமாகப் போகிறது. மாதையன் மகளிடம் நானே போகிறேன், தளியில்தான் இருக்கிறாளாம். உன்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். நீ உன் பங்குக்குத் தனியாகப் போய் அவள் அப்பனிடம் நிற்க வேண்டும். தெருமுனையில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது.

மாதங்கோவின் நாக்கை அவனிடமே விட்டுவிடு. வேங்கோவைப் புரிந்தே கைநாட்டு வைத்தவனாக எழுது. அது உன் எண்ணூறு பக்கத்தையும் புரட்டிப்போடும் என்று தெரியும். இரண்டாம் பாகம் தள்ளிப்போனால் போகட்டும். எழுதும்போது உனக்கு ஓர் ஆசை வரும். உன் கை எனக்குத் தெரியும், அந்த வேங்கோவை மண்ணில் புரண்டு அழ வைத்த கை. கடைசியில் அண்ணனையும் தம்பியையும் கட்டிப்பிடித்து நிற்க வைத்துவிடலாம் என்று தோன்றும். ஜனங்கள் கைதட்டுவார்கள். செய்யாதே. நான் போக எழுந்தபோது, "பஸ்சு மூணரைக்கு" என்று மட்டும் சொன்னான். மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு மேட்டின் பக்கம் போனான். பஸ் வரும்வரை அவன் முதுகு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, அவன் திரும்பவில்லை. அவன் என்னை மன்னிக்கவில்லை, மகனே. மன்னித்ததாக எழுதிவிடாதே.